கன உலோகம், சுற்றுச்சூழல் ஆரோக்கியம்னு ஒரு படிப்பு: டெல்டா பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு நன்னிலம் பக்கம் ஒரு கிராமம். தண்ணி, மண்ணு, அரிசி, ரத்தம் இதுல எல்லாம் காரீயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் எவ்ளோ இருக்குன்னு அளக்குறதும் அது மனுஷ உடம்பை என்ன பண்ணுதுன்னு பாக்குறதும்தான் இருபது வருஷமா என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் காலேஜ் பசங்க, அவங்க அப்பா அம்மா, கும்பகோணம் பஸ்ல பக்கத்துல உக்காந்து வர்றவங்க கூட கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். சில கேள்விக்கு ரெண்டு வரிதான் பதில், சிலதுக்கு நீளமா போகும், பொறுமையா படிங்க.

அக்கா, உங்க வேலைய எங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்?

விஷம்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் பூச்சிமருந்துதான் ஞாபகம் வரும், குடிச்சா அன்னிக்கே தெரிஞ்சிடும், தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். நான் பாக்குற விஷத்துக்கு அந்த அவசரம் எதுவும் கிடையாது. சோத்துலயும் தண்ணியிலயும் தூசியிலயும் கண்ணுக்குத் தெரியாத அளவுல உள்ள போயி வருஷக்கணக்கா உடம்புல தங்கும். காரீயத்தையே எடுத்துக்கோங்க, ரத்தத்துல அதுல பாதி ஒரு மாசத்துல குறைஞ்சிடும், ஆனா எலும்புக்குள்ள போயிட்டா பல வருஷம் அங்கேயே இருக்கும், ஏன்னா எலும்புக்கு அது சுண்ணாம்புச் சத்து மாதிரி தெரியுது. அப்படி எலும்புல காரீயம் இருக்குற ஒரு பொண்ணு கர்ப்பமாகி வயித்துப் பிள்ளைக்காக எலும்புல இருந்து கால்சியம் இறங்கும்போது சின்ன வயசுல உள்ள போன காரீயமும் சேர்ந்து இறங்கி பிள்ளைக்குப் போவுது. காட்மியம் கிட்னியில 10, 20, 30 வருஷம்னு உக்காந்துக்கும். இதெல்லாம் எங்க இருந்து வருது, யாருக்கு எவ்ளோ போயிருக்கு, எப்படி நிறுத்துறதுன்னு கண்டுபிடிக்கிறவங்க நாங்க, அவ்ளோதாம்மா.

டெல்டாவுல பெரிய ஃபேக்டரியே கிடையாது, பச்சைப்பசேல்னு வயலு, இங்க என்ன கன உலோகம் இருக்கப் போவுது?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா நானும் பி.எஸ்சி படிக்கிறப்போ இதையேதான் நினைச்சேன்.

முதல்ல நெல்லைப் பத்தி சொல்லிடறேன். கோதுமை, சோளத்தை விட நெல்லு ஆர்சனிக்கை நல்லாவே இழுக்கும். வயல்ல தண்ணி கட்டி நிறுத்தினா மண்ணுக்குள்ள காத்து இல்லாமப் போயிடும், அப்போ மண்ணுல இருக்குற இரும்புத் துரு கரையும், அந்தத் துருவுல ஒட்டிக்கிட்டு இருந்த ஆர்சனிக்கும் அவுந்து தண்ணிக்கு வந்துடும், நெல்லு வேரு சிலிக்கான் எடுக்குற வழியிலயே அதையும் எடுத்துக்கும். சரி தண்ணிய வடிச்சிட்டா போச்சுன்னு நினைப்பீங்க. வடிச்சா ஆர்சனிக் அடங்கிடும், ஆனா காட்மியம் கிளம்பிடும். தண்ணி நிக்கிறப்போ அது கந்தகத்தோட கட்டிப்போய் கிடக்கும், வயல் காஞ்சு காத்து பட்டதும் அந்தக் கட்டு அவுந்து வேருக்குப் போயிடும். நம்ம வேளாண்மைத் துறைல காய்ச்சலும் பாய்ச்சலும்னு, வயலைக் காய விட்டு காய விட்டு தண்ணி கட்டுற ஒரு முறை சொல்லிக்குடுப்பாங்க இல்லையா, தண்ணிய மிச்சம் பண்ண ரொம்ப நல்ல முறை, நானே எங்க மாமாவைச் செய்யச் சொல்லியிருக்கேன், ஆனா அதுல கதிர் வர்ற நேரத்துல எத்தனை நாள் காய விடுறோம்ங்கிறது அரிசிக்குள்ள எது எவ்ளோ போகும்ங்கிறதையும் தீர்மானிக்குது. எவ்ளோ அழகான பிரச்சனை பாருங்க, ஒரு பக்கம் மேட்டூர்ல தண்ணி இருக்கா இல்லையாங்கிற கவலை, இன்னொரு பக்கம் அணுவோட வேதியியல், ரெண்டும் ஒரே வயல்ல நடக்குது.

காட்மியம் அரிசியில ஏறுனா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஜப்பான்ல டோயாமாங்கிற இடம் சாட்சி. ஜின்சூ ஆத்துக்கு மேல காமியோகா சுரங்கம், அந்தக் கழிவு கலந்த ஆத்துத் தண்ணியை வாய்க்கால் வழியா வயலுக்குப் பாய்ச்சினாங்க, அந்த அரிசியைச் சாப்பிட்ட பொம்பளைங்களுக்கு, அதுலயும் நாலஞ்சு பிள்ளை பெத்த வயசான பொம்பளைங்களுக்கு, எலும்பு தானா முறிய ஆரம்பிச்சுது. நோய்க்குப் பேரே இத்தாய் இத்தாய், வலிக்குது வலிக்குதுன்னு அர்த்தம். 1968ல தான் அரசாங்கம் காரணத்தை ஒத்துக்கிச்சு. சுரங்கம் எங்கேயோ மலையில, வலி கீழ வயல்ல. ஆத்தோட கடைசியில உக்காந்திருக்கிற நம்ம கடைமடைக்காரங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம், மேல எவன் எதை விட்டாலும் நம்மகிட்டதான் வரும். இதோட டிஏபி மாதிரி பாஸ்பேட் உரத்துலயும் கொஞ்சம் காட்மியம் இருக்கும், எந்த நாட்டுப் பாறையில இருந்து செஞ்சதுங்கிறதைப் பொறுத்து கூடும் குறையும்.

2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க, அதுல எண்ணெய், எரிவாயு எடுக்குறதோட சேர்த்து துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்குற ஆலை, தோல் பதனிடுறது இதெல்லாம் புதுசா வரக்கூடாதுன்னு பட்டியல் இருக்கு. உருக்காலையும் தோல் ஆலையும் ஏன் அந்தப் பட்டியல்ல இருக்குன்னு புரியணும்னா எங்க சப்ஜெக்ட் தெரிஞ்சிருக்கணும். பாலாத்துக் கரையில வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஆலைங்கள்ல இருந்து வந்த குரோமியம் நிலத்தடித் தண்ணிய என்ன பண்ணுச்சுன்னு போய்ப் பாத்தவங்களுக்கு அந்த ஒரு வரியோட மதிப்பு தெரியும்.

அப்புறம் வீட்டுக்குள்ளயும் இருக்கு, அது அடுத்த கேள்வி.

எங்க வீட்டுல பாட்டி காலத்து ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோம், விஷமா?

என்கிட்ட வர்ற கேள்வியில பாதி இதுதான், மாமிங்க எல்லாம் பயந்து போய் கேப்பாங்க. நம்ம பாஷையில ஈயம்னு ரெண்டு உலோகத்தைச் சொல்றோம், வெள்ளீயம் வேற காரீயம் வேற. ரசச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்துல, பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள பூசுறதும் அதுதான், அதனால பெரிய ஆபத்து கிடையாது. காரீயம்தான் விஷம், உலக சுகாதார நிறுவனம் அதுக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு சொல்லுது. பிரச்சனை எங்க வருதுன்னா வெள்ளீயம் விலை ஜாஸ்தி, காரீயம் மலிவு, ரெண்டும் நல்லா கலக்கும், கலந்தா கண்ணால பாத்துச் சொல்றது கஷ்டம். ரசத்துல புளி வேற இருக்கு, புளிப்பு பட்டா காரீயம் சுலபமா கரையும்.

அதனால என் பதில், சொம்பு சுத்த வெள்ளீயமா இருந்தா தாராளமா வைங்க, சுத்தமானு தெரியலைன்னா எக்ஸ்ஆர்எஃப்னு ஒரு மெஷின் இருக்கு, துப்பாக்கி மாதிரி இருக்கும், சில நகைக்கடை, ஹால்மார்க் சென்டர்ல அதே தத்துவத்துல வேலை செய்யிற மெஷின்லதான் தங்கத்தைப் பாப்பாங்க, ஒரு நிமிஷத்துல எதுல எத்தனை சதவீதம்னு சொல்லிடும். அதுவும் முடியலைன்னா சொம்பை பூஜை அலமாரியில வச்சுட்டு எவர்சில்வர்ல ரசம் வைங்க, பாட்டி கோவிச்சுக்க மாட்டாங்க.

இந்தத் துறைக்கு வரணும்னா என்ன படிக்கணும்?

ஒரே கதவு கிடையாது. நான் கெமிஸ்ட்ரி வழியா வந்தேன், என்கூட வேலை பாக்குறவங்கள்ல ஒருத்தர் மண்ணியல் படிச்ச அக்ரி ஆளு, ஒருத்தர் எம்பிபிஎஸ் முடிச்சு கம்யூனிட்டி மெடிசின் பண்ணவர், ஒருத்தர் ஜியாலஜி, ஒரு பொண்ணு புள்ளியியல். பிளஸ் டூல சயின்ஸ் குரூப் எடுத்திருந்தா போதும், அப்புறம் பி.எஸ்சில கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, ஜுவாலஜி, சுற்றுச்சூழல் அறிவியல் எதுவா இருந்தாலும் சரி, எம்.எஸ்சில அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரியோ, விஷத்தைப் பத்தின டாக்ஸிகாலஜியோ பப்ளிக் ஹெல்த்தோ பக்கமா நகந்துக்கலாம்.

நம்ம பக்கத்துலயே எவ்ளோ இருக்கு பாருங்க. ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ல இருந்து இருக்கு, தஞ்சாவூர்ல உணவுப் பதப்படுத்துதலுக்குன்னே நிஃப்டெம் இருக்கு, பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம், திருவாரூர்ல மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில பாரதிதாசன், என்ஐடி. பாரின் போனாதான் சயின்டிஸ்ட் ஆக முடியும்னு நினைச்சுக்கிட்டு இருக்குற பிள்ளைங்களுக்குச் சொல்றேன், நம்ம வீட்டுல இருந்து பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துலயே முதல் அஞ்சு வருஷத்தை ஓட்டலாம்.

கணக்கு எனக்கு வராதே?

புள்ளியியல் வந்தாகணும். அதுல சமாதானமே கிடையாது. ஆனா பரீட்சைக் கணக்கு பயமுறுத்துற அளவுக்கு இந்தக் கணக்கு பயமுறுத்தாது, உங்க கையால எடுத்த சாம்பிளோட நம்பரா இருந்தா தானா ஆசை வரும்.

நீட் எழுதி டாக்டர் ஆகுறது நல்லதா, இது நல்லதா?

ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது? இந்தத் துறையோட பெரிய கண்டுபிடிப்புங்கள்ல பாதி டாக்டருங்க ஆரம்பிச்சதுதான். 1983ல கல்கத்தாவுல தோல் டாக்டர் கே.சி.சாகா கிட்ட கையிலயும் உடம்புலயும் புள்ளி புள்ளியா, உள்ளங்கை தடிச்சுப்போய் கிராமத்து ஜனங்க வந்தாங்க. வேற ஆளா இருந்தா மருந்தெழுதி அனுப்பியிருப்பாங்க, அவரு இவங்க எல்லாம் எந்தத் தண்ணி குடிக்கிறாங்கன்னு கேட்டாரு. ஆர்சனிக். குளத்துத் தண்ணி குடிச்சா பேதி வருதுன்னு நல்ல எண்ணத்துல போட்ட ஆழ்குழாய் அடிபம்புல இருந்துதான் அது வந்துச்சு. அதுக்கப்புறம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துல தீபங்கர் சக்ரவர்த்தின்னு ஒரு கெமிஸ்ட், அவரு டாக்டர் இல்ல, 1988ல இருந்து 2018ல சாகுற வரைக்கும் ஊர் ஊரா போயி பம்பு பம்பா தண்ணி எடுத்து அளந்தாரு. ஒருத்தர் நோயாளியைப் பாத்தாரு, ஒருத்தர் தண்ணியைப் பாத்தாரு, ரெண்டும் சேர்ந்ததாலதான் கங்கை டெல்டா முழுக்க, பங்களாதேஷ் வரைக்கும், இருக்குற விஷயம் வெளிய வந்துச்சு.

உடனே நம்ம டெல்டாவுலயும் அப்படித்தானோன்னு பயப்படாதீங்க. அங்க வண்டல் இமயமலையில இருந்து வந்தது, காவிரி வண்டல் வேற பாறையில இருந்து வந்தது, அங்க இருக்குங்கிறதால இங்கயும் இருக்கணும்னு இல்ல. அளந்து பாத்தாதான் தெரியும், யாராச்சும் அளக்கணும், அதுக்குத்தான் ஆள் கூப்பிடுறேன்.

பி.எச்.டி எத்தனை வருஷம்? அதுவரைக்கும் சோத்துக்கு என்ன பண்றது?

அஞ்சு வருஷம்னு வச்சுக்கோங்க, சிலருக்கு நாலு, எனக்கு ஆறு. நெட் பரீட்சையில ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்துட்டா 2023 ஜனவரியில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கேட் நுழைவுத் தேர்வு எழுதுறவங்களுக்கு 2021ல இருந்து சுற்றுச்சூழல் அறிவியல்னு தனி பேப்பரே வந்திருக்கு. பணம் சில சமயம் மாசக்கணக்குல லேட்டா வரும், அது நிஜம், வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. ஜேஆர்எஃப் இல்லாம கைக்காசுல பி.எச்.டி சேராதீங்க, ப்ராஜெக்ட்ல சம்பளம் இருக்கானு கேட்டுட்டு சேருங்க, கேக்குறதுல வெக்கமே வேண்டாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்? வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப்பா?

மைக்ராஸ்கோப்பை நான் தொட்டே பல வருஷம் ஆச்சு. எங்க வேலையில முக்கால்வாசி கழுவுறது. நிஜமாத்தான் சொல்றேன். நாங்க தேடுறது நூறு கோடி பங்குல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. அந்த நூறு கோடியில ஒரு பங்கைத்தான் பிபிபின்னு சொல்வோம். குடிதண்ணியில ஆர்சனிக் இதுக்கு மேல போகக் கூடாதுங்கிற அளவு 10 பிபிபி, காட்மியத்துக்கு இந்திய அளவு 3 பிபிபி. கை தூசி, டியூப் மூடி, பேனா மசி, எல்லாத்துலயும் அதை விட ஜாஸ்தி உலோகம் இருக்கும். அதனால ஒவ்வொரு டியூபையும் நைட்ரிக் ஆசிட்ல ராத்திரி பூரா ஊற வச்சு, சுத்தத் தண்ணியில அலசி, காய வச்சு, கவர்ல போட்டு மூடி, அப்புறம்தான் வயலுக்கே கிளம்புவோம்.

அரிசின்னா உமி நீக்கி அரைச்சு, அரை கிராம் எடை போட்டு, ஆசிட் ஊத்தி மைக்ரோவேவ்ல கரைச்சா தண்ணி மாதிரி ஆயிடும், அதைத்தான் உலோகத்தை அளக்குற ஐசிபி எம்எஸ் மெஷின்ல விடுவோம். ஒவ்வொரு தடவையும் சாம்பிளே இல்லாம வெறும் ஆசிட்டை மட்டும் அதே மாதிரி செஞ்சு பாக்கணும், அதுக்குப் பேர் பிளாங்க். நான் சேர்ந்த புதுசுல ரெண்டு மாசமா எல்லா சாம்பிள்லயும் துத்தநாகம் எகிறுச்சு, ஆஹா பெரிய கண்டுபிடிப்புன்னு குதிச்சேன், பிளாங்கைப் பாத்தா அதுலயும் அதே அளவு, பவுடர் போட்ட கையுறையில இருந்து வந்திருக்கு. ரெண்டு மாச வேலையும் போச்சு. எங்க கைடு திட்டல, அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிக்காம வச்சுக்கோன்னு மட்டும் சொன்னாரு, இன்னும் வச்சிருக்கேன்.

இன்னொண்ணு சொல்லணும், டெல்டாக்காரங்களுக்குன்னே உள்ள சிக்கல். அந்த மெஷின் ஆர்கான் வாயுவுல ஓடும், எடையை வச்சுதான் எது என்ன உலோகம்னு சொல்லும், ஆர்சனிக்கோட எடை 75. வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி இல்லையா, உப்புல குளோரின் இருக்கு, ஆர்கான் 40ம் குளோரின் 35ம் மெஷினுக்குள்ள ஒட்டிக்கிட்டா அதுவும் 75. மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. ஆர்சனிக்கே இல்லாத உப்புத் தண்ணிய ஆர்சனிக் இருக்குன்னு எழுதிக் குடுத்துடும். ஹீலியம் விட்டு அந்த ஜோடியை வடிகட்டி விடணும், இல்லைன்னா ஒரு கடலோரக் கிராமத்தையே வீணா பயமுறுத்திடுவோம். பட்டன் அமுக்குனா நம்பர் வரும்னு நினைக்கிறவங்களுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன்.

பொண்ணை அனுப்ப பயமா இருக்கு, லேப்ல உங்களுக்கே விஷம் ஏறாதா?

பயம் நியாயம். அமெரிக்காவுல டார்ட்மவுத் காலேஜ்ல கேரன் வெட்டர்ஹான்னு ஒரு பேராசிரியை, எங்க துறையேதான், குரோமியம் செல்லை என்ன பண்ணுதுன்னு பாத்தவங்க. 1996 ஆகஸ்ட்ல டைமெத்தில் பாதரசம் ஒண்ணு ரெண்டு சொட்டு அவங்க கையுறை மேல விழுந்துச்சு. அந்தக் காலத்து முறைப்படி எல்லாமே சரியாத்தான் செஞ்சிருந்தாங்க. ஆனா அது ரப்பர் கையுறையைச் சில நொடியில ஊடுருவிப் போகும்னு அப்ப யாருக்கும் தெரியல. அஞ்சு மாசம் கழிச்சு நடை தடுமாற ஆரம்பிச்சு, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க, 48 வயசு. அவங்க சாவுக்கப்புறம்தான் கையுறை விதியெல்லாம் மாறுச்சு. நாங்க இன்னிக்கு போடுற ரெட்டைக் கையுறைக்கு அவங்களும் ஒரு காரணம், புதுப் பிள்ளைங்க சேரும்போது முதல் நாளே இதைச் சொல்லிடுவேன்.

வழக்கமான வேலையில நாங்க கையாளுற உலோகம் ரொம்பக் கம்மி, ஆசிட்தான் ஜாஸ்தி கவனிக்க வேண்டியது. ஆசிட் புகையை வெளிய இழுக்குற ஃபியூம் ஹுட் ஓடலைன்னா வேலை செய்யாதீங்க. கர்ப்பமா இருந்தா உடனே சொல்லுங்க, வேலையை மாத்திக் குடுக்குறது லேபோட கடமை, சலுகை இல்ல. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு தடவையும் அந்த மாசங்கள்ல கம்ப்யூட்டர் வேலையும் எழுத்து வேலையும்தான் பாத்தேன்.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா ஐடி மாதிரி கேம்பஸ்ல வந்து தூக்கிட்டுப் போக மாட்டாங்க. லக்னோல நச்சியல் ஆராய்ச்சிக்கு ஐஐடிஆர், அகமதாபாத்ல தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம், ஹைதராபாத்ல ஊட்டச்சத்துக்கு என்ஐஎன், நாக்பூர்ல சுற்றுச்சூழலுக்கு நீரி, அதுக்கு சென்னையிலயும் ஒரு மையம் இருக்கு, இதெல்லாம் ஆராய்ச்சி. மாநிலத்துல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியத்தோட தண்ணி லேப், உணவுப் பாதுகாப்புத் துறை லேப். தனியார்ல ஏற்றுமதி பண்ற இறால், மசாலா, அரிசிக்கு டெஸ்ட் பண்ற லேபுங்க நிறைய. ஆரம்பச் சம்பளம் தனியார்ல கம்மிதான், மறைக்க மாட்டேன், மெஷினைத் தனியா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு வருஷத்துல மரியாதையே வேற.

உண்மையைச் சொன்னா கம்பெனிக்காரங்க சும்மா விடுவாங்களா?

பூமிக்கு வயசு 455 கோடி வருஷம்னு 1956ல கணக்குப் போட்ட கிளேர் பேட்டர்சன் அதைக் காரீயத்தை வச்சுதான் கண்டுபிடிச்சாரு. அளக்கும்போது எங்க பாத்தாலும் காரீயம் ஒட்டிக்கிட்டே வந்துச்சு, இது எங்க இருந்து வருதுன்னு தேடினாரு, பெட்ரோல்ல கலக்குற காரீயம்னு தெரிஞ்சுது, 1965ல எழுதினாரு. பணம் குடுத்துக்கிட்டு இருந்தவங்க நிறுத்திட்டாங்க, 1971ல காத்துல இருக்குற காரீயத்தைப் பத்தி அமெரிக்காவுல ஒரு குழு போட்டப்போ அந்த விஷயத்துல முன்னணியில இருந்த அவரையே சேக்கல. ஹெர்பர்ட் நீடில்மேன் பிள்ளைங்க கிட்ட விழுந்த பால் பல்லை வாங்கி அதுல இருக்குற காரீயத்தை அளந்து, பல்லுல காரீயம் ஜாஸ்தி இருக்குற பிள்ளைங்களுக்கு படிப்புலயும் கவனத்துலயும் குறை இருக்குன்னு 1979ல காட்டினாரு, பன்னெண்டு வருஷம் கழிச்சு மோசடி பண்ணிட்டாருன்னு புகார் குடுத்தாங்க, விசாரணையில மோசடி எதுவும் இல்லைன்னு ஆச்சு. ரெண்டு பேரையும் காப்பாத்துனது அவங்களோட நோட்டும் பிளாங்கும்தான்னு நான் நம்புறேன். கடைசியில பெட்ரோல்ல இருந்து காரீயம் போச்சு, இந்தியாவுல 2000ல. உலகத்துலயே கடைசியா 2021ல அல்ஜீரியா நிறுத்துச்சு. இப்ப பொறக்குற நம்ம பிள்ளைங்க சுவாசிக்கிற காத்து அவங்க குடுத்தது.

மீன், மஞ்சத்தூள் இதெல்லாம் சாப்பிடலாமா?

மீன் சாப்பிடுங்க. மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன்ல பாதரசம் கம்மி, சுறா மாதிரி பெரிய மீனைத் தின்னு வாழுற மீன்ல ஜாஸ்தி, கர்ப்பமா இருக்குறவங்க பெரிய சுறாவைக் குறைச்சுக்கிட்டா போதும். நாகை பக்கம் ஒரு மீனவக் குப்பத்துல மீனை அளக்கப் போனப்போ நான் பாத்தது வேற. ஒரு தாத்தா வலைக்குக் கட்டுற காரீயக்குண்டு வாத்துக்கிட்டு இருந்தாரு, பழைய பேட்டரித் தகட்டை இரும்புக் கரண்டியில போட்டு விறகடுப்புல உருக்கி, ஈர மணல்ல குழி பண்ணி ஊத்துறாரு, பேத்திக்கு நாலு வயசு இருக்கும், ஆறுன குண்டை எடுத்து எண்ணி எண்ணி டப்பாவுல போடுது, நடுவுல அதே கையால முறுக்கு. மீன்ல தேடிக்கிட்டு இருந்த விஷம் அந்தக் கையில இருந்துச்சு. திட்டுனா கேக்க மாட்டாங்க, பக்கத்துல உக்காந்து பேசினேன், மறுதடவை போனப்போ அடுப்பு வீட்டை விட்டுத் தள்ளி தோப்புக்குப் போயிருந்துச்சு, பாப்பா கை கழுவிட்டு வந்து என்கிட்ட காட்டுச்சு.

மஞ்சளை விரலியா வாங்கி அரைச்சுக்கோங்க. பளபளன்னு மஞ்சளா தெரியணும்னு காரீயம் இருக்குற லெட் குரோமேட்ங்கிற சாயத்தைக் கலக்குற பழக்கம் பங்களாதேஷ்ல இருந்துச்சு, 2019ல மார்க்கெட் சாம்பிள்ல 47 சதவீதத்துல இருந்துச்சு. ஆராய்ச்சியாளருங்க ரிசல்ட்டைக் கொண்டுபோய்க் குடுத்தாங்க, அரசாங்கம் ரெய்டு, அபராதம், நோட்டீஸ்னு இறங்குச்சு, 2021ல பூஜ்யம். ரெண்டே வருஷம். எனக்கு சலிப்பு வர்றப்போ எல்லாம் இதைத்தான் நினைச்சுக்குவேன்.

அப்புறம் ரத்தசோகை இருந்தா கவனிங்க, இரும்புச் சத்து கம்மியா இருந்தா குடல் காரீயத்தையும் காட்மியத்தையும் ஜாஸ்தியா இழுத்துக்கும். நம்ம நாட்டுல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையும் எங்க துறையோட மருந்துன்னே வச்சுக்கலாம்.

இந்த வேலையில உங்களுக்கு வருத்தமான விஷயம் எது?

இதை எழுத ரொம்ப யோசிச்சேன். நான் பி.எச்.டி சேர்றதுக்கு முன்னாடி ஒரு ப்ராஜெக்ட்ல அசிஸ்டென்ட்டா இருந்தேன், எந்த நிறுவனம்னு வேண்டாம். அறுபது வீட்டுக்கு மேல போய் போர் தண்ணி எடுத்தோம், எடுக்கும்போது எல்லார்கிட்டயும் ஒரு மாசத்துல ரிசல்ட் சொல்றோம்னு நான்தான் என் வாயால சொன்னேன். ரிப்போர்ட் எழுதி மேல அனுப்பியாச்சு, ப்ராஜெக்ட் முடிஞ்சுது, எல்லாரும் வேற வேற ஊருக்குப் போயிட்டோம். ஊருக்குச் சொல்றதுக்கு பட்ஜெட்ல இடமே இல்ல, யாருக்கும் அது தோணவும் இல்ல, எனக்கும் தோணல.

ரெண்டு வருஷம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனப்போ ஒரு அத்தை என்னை அடையாளம் கண்டுபிடிச்சாங்க. "பாப்பா, அன்னிக்கு பாட்டில்ல பிடிச்சிட்டுப் போனியே, எங்க தண்ணியில என்ன இருந்துச்சு?" எனக்கு அந்த வீட்டு நம்பர் ஞாபகம் இருந்துச்சு, அவங்க தண்ணியில ஒண்ணுமே இல்ல, நல்ல தண்ணி. ஆனா அவங்க நாங்க திரும்பி வராததைப் பாத்து ஏதோ பெரிய விஷம் போலருக்கு, அதான் சொல்ல பயந்துகிட்டு வரலைன்னு முடிவு பண்ணி, அந்த ரெண்டு வருஷமும் வீட்டு போரைத் தொடாம மாரியம்மன் கோயில் அடிபம்புல இருந்து இடுப்புல குடம் வச்சு தூக்கியிருக்காங்க. மூட்டு வலிக்கு கட்டு போட்ட காலோட. நான் ஒண்ணும் இல்ல அத்தை, நல்ல தண்ணிதான்னு சொன்னதும் அவங்க கோவப்படக் கூட இல்ல, அப்படியா, நல்ல வேளைன்னு சொல்லிட்டு எனக்கு மோர் கொண்டாந்து குடுத்தாங்க. அந்த மோரை எப்படிக் குடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்.

அன்னில இருந்து என் எந்த ப்ராஜெக்ட்லயும் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்றதுக்கு நாளும் பஸ் காசும் முதல்லயே எழுதிடுவேன். தமிழ்ல, ஒரு பக்கத் தாள்ல, வீட்டுக்கு வீடு. நல்லா இருந்தாலும் சொல்லணும், மோசமா இருந்தா அடுத்து எந்தப் பம்புல குடிக்கலாம்னும் சேர்த்துச் சொல்லணும். இதனால ஆராய்ச்சிக் கட்டுரை வர்றது ஆறு மாசம் லேட்டாகும், ஆகட்டும். என்கிட்ட சேர வர்ற பசங்க கிட்ட மார்க்கை நான் அவ்வளவா கேக்குறதில்ல, தெரியாத வீட்டு வாசல்ல நின்னு கெட்ட செய்தியைப் பொறுமையா சொல்ல முடியுமான்னுதான் கேப்பேன்.

ஸ்கூல் படிக்கிறேன், இப்பவே ஏதாச்சும் பண்ணலாமா?

உங்க தெருவுல எத்தனை போர், ஒவ்வொண்ணும் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, தண்ணி உப்பா நல்லதானு ஒரு நோட்டுல எழுதுங்க. மேப் வரைங்க. எங்களுக்கு வர்ற சில மாணவர்களுக்கு எம்.எஸ்சி முடிச்சும் இது தெரியாது.

எங்க வீட்டு போர் தண்ணிய உங்களுக்கு அனுப்பலாமா?

எனக்கு அனுப்பாதீங்க, மாவட்டத்துல குடிநீர் வடிகால் வாரியத்தோட தண்ணி லேப் இருக்கு, பணம் கட்டினா பொதுமக்களுக்கும் பாத்துக் குடுப்பாங்க. சாதாரணமா உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு இதைத்தான் பாப்பாங்க, ஆர்சனிக், காரீயம் வேணும்னா தனியா கேக்கணும், அங்க வசதி இல்லைன்னா எந்த லேப்ல பாக்கலாம்னு விசாரிங்க. போகும்போது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல பிடிச்சிட்டுப் போகாதீங்க, லேப்லயே பாட்டில் கேட்டு வாங்கிக்கோங்க. மோட்டாரைப் போட்டு அஞ்சு நிமிஷம் தண்ணிய ஓட விட்டு, அப்புறம் பிடிங்க, பாட்டில் வாய்க்குள்ள விரல் படக் கூடாது. காலையில குழாயில முதல்ல வர்ற தண்ணிய தனியா ஒரு பாட்டில்ல பிடிச்சா இன்னும் நல்லது, போர்ல இல்லாத காரீயம் பித்தளைக் குழாயில இருந்து வருதானு தெரிஞ்சிடும். தேதி, தெரு பேரு எழுதி ஒட்டுங்க, முக்கியமா போர் எத்தனை அடின்னு எழுதுங்க, அதை எல்லாரும் மறந்துடுறாங்க.